மீனம்மாளாக இருப்பவர்கள் வெளியே வரவும்

எங்கள் ஊர் கொக்கனேந்தலுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் கால வரிசைப்படி பதிவு செய்துவிடுகிறேன். வரிசை மாறிவிட்டது என்று சொல்லியே மனுவைத் தள்ளுபடி செய்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் அநீதி: வாரம் ஒரு நாள் ஊருக்கு வந்து மனு வாங்கிக்கொண்டிருந்த அலுவலரை நிறுத்திவிட்டு, அவருக்குப் பதிலாக ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள்.

இரண்டாவது: பெட்டியின் சாவி தொலைந்தது.

மூன்றாவது: சாவி தொலைந்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மனுவும் மேலே போய்ச் சேரவில்லை. ஆகவே கொக்கனேந்தல் குறைகளற்ற ஊர் என்று முடிவு செய்து எங்களுக்கு ஒரு கேடயம் வழங்கினார்கள். நான் வாங்க மறுத்தேன். தபாலில் அனுப்பினார்கள்.

நான்காவது: கேடயம் வைக்க இடமில்லை என்று பெட்டியை எடுத்தார்கள்.

ஐந்தாவது: இனி மனு என்பது வலைத்தளத்தில் மட்டுமே என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பையும் வலைத்தளத்தில் மட்டுமே வெளியிட்டார்கள்.

ஆறாவது அநீதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது.

கடலோர அனுபவ வளர்ச்சி முகமை என்று ஒன்று புதிதாக முளைத்தது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போகிற கார்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிற்காமலே போவது நாட்டுக்குப் பேரிழப்பு என்று அது கண்டுபிடித்தது. இழப்பை ஈடுகட்ட, கொக்கனேந்தலில் ஒரு சூரிய உதய அனுபவ மையம். கடல் எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். முகமையின் தனி அலுவலர் தர்மராஜிடம் இதை எடுத்துச் சொன்னேன்.

"அதனாலதாங்க அனுபவ மையம்" என்றார். "கடல் பக்கத்துலயே இருந்தா ஜனங்க சும்மா பாத்துட்டுப் போயிருவாங்க. நாம எதுக்கு?"

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் 'நம்ம' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து நட்டு, உள்ளே பல்பு போட்டு, பக்கத்தில் ஊர்ப் பெயரை வைக்கிறார்கள். அது இல்லாத ஊர் ஊரே இல்லை. எங்களுக்கும் அனுமதி வருவதற்கு முன்னாலேயே லாரியில் எழுத்து வந்து இறங்கியது. 'நம்ம' மட்டும்தான் வந்தது. ஊர்ப் பெயர் அடுத்த டெண்டரில் வருமாம். நம்ம என்ன என்று தெரியாமலே, அதன் முன்னால் நின்று ஊரே படம் எடுத்துக்கொண்டது.

கார்கள் நிற்க இடம் வேண்டுமே. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மீனம்மாளின் எழுபது சென்ட் மிளகாய்க் கொல்லை. அதை ஒட்டித்தான் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓடுகிறது. கொல்லையை மட்டப்படுத்தினால் கால்வாயும் மண்ணுக்குள் போகும். மீனம்மாளின் கணவர் மலையாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அந்த எழுபது சென்டில் விளையும் குண்டு மிளகாயை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளோடு மீனம்மாள் ஊரில் இருக்கிறாள். கொல்லை போனால் அவளும் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆட்சேபணை உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முகமையின் வலைத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு. "கொல்லைக்காரி மட்டுமில்ல, கண்மாய்த் தண்ணி குடிக்கிற எல்லாரும் பதியணும்" என்று நான் நோட்டீஸ் அடித்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதுமதியின் கம்ப்யூட்டர் சென்டரில் ஊர் கூடியது. மதுமதி ஆதாரிலிருந்து அடங்கல் வரை எடுத்துத் தரும் கெட்டிக்காரப் பெண். வலைத்தளமோ ஒரு நேரத்தில் இருபது பேருக்கு மேல் உள்ளே விடாது. தட்டினாள், தட்டினாள், பதினொன்றே முக்காலுக்கு மீனம்மாளுடைய ஆதார் எண்ணுக்குக் கதவு திறந்தது. 'வணக்கம், மீனம்மாள்' என்று திரையில் வந்தது. நாங்கள் கை தட்டினோம். மீனம்மாள் சொல்லச் சொல்ல மதுமதி ஆட்சேபணையைத் தட்டச்சு செய்தாள்.

"அத்தை, வேலை முடிஞ்சுதுன்னு வெளிய வந்துராதீங்க. வந்தா மறுபடி உள்ள போக எத்தனை நாளாகுமோ."

"அப்ப மத்தவுக எப்படித்தா பதியுறது?"

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு ஒரே பஸ். அது நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு, குடை, கத்தரிக்காய்ப் பை எல்லாம் உள்ளே விழும். இடம் பிடித்தவருக்கு மட்டும் அந்த இடம் சொந்தமில்லை. அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எழுந்து, அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். ஒரே சீட்டில் உப்பூர் போவதற்குள் ஆறு பேர் உட்கார்ந்து எழுவார்கள். இதை நாங்கள் நாகரிகம் என்று நினைக்கிறோம்.

"மீனம்மா இடம் பிடிச்சிருச்சுல்ல. ஆளுக்குக் கொஞ்ச நேரம் உக்காருவோம்" என்றேன் நான்.

மதுமதிக்கு வழி தெரிந்திருந்தது. திரையின் தலைப்பில் வால் போல நீண்ட ஒரு விலாசம் இருந்தது. அதை அப்படியே எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். "இத அமுக்குனா நேரா உள்ளதான். பாஸ்வேர்டும் கிடையாது, வரிசையும் கிடையாது." நான் அதை எங்கள் உரிமை மீட்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். குழுவில் நூற்று எண்பத்தாறு பேர். நாற்பது ஆண்டுப் போராட்ட வாழ்க்கையில் ஓர் அலுவலக வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததில்லை.

அமுக்கியவர்களுக்கெல்லாம் 'வணக்கம், மீனம்மாள்' என்று வந்தது. யாரும் திகைக்கவில்லை. அரசாங்கம் எப்போது நம்மைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது? மீனம்மாள் என்பது அந்த வலைத்தளத்தைக் காக்கும் அம்மன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அமுக்கியவர்களும் உண்டு. உள்ளே ஒரு கட்டம். அதில் ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போன கடலைத் தோலைத் தட்டிவிடுவதுபோல அதை அழித்துவிட்டு, அவரவர் குறையை எழுதினார்கள். கண்மாயைப் பற்றி எழுதினார்கள். ஆடு மேய்க்கும் தவசி ஆடு போகும் பாதையைப் பற்றி எழுதினான். தாஜுன்னிசா கண்மாய்த் தண்ணீர் நின்றால் தன் வீட்டுக் கிணறு உப்பாகிவிடும் என்று இரண்டு பக்கம் எழுதினாள். திருப்பூரிலிருந்து மலையாண்டி எழுதினார். கட்டிய கணவரே மீனம்மாளாகிவிட்டார்.

செவ்வாய் இரவுக்குள் நூற்று எண்பத்தைந்து பேர் முடித்துவிட்டோம் என்று நான் குழுவில் அறிவித்து, பூச்செண்டுப் படம் போட்டேன். பாக்கி ஒருவர், பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் காளிராஜ். அவன் புதன்கிழமை மதியம் உட்கார்ந்தான்.

வியாழன் காலையில் மீனம்மாள் போனைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நான் எப்பண்ணே டீக்கடை வச்சேன்?"

வாங்கிப் பார்த்தேன். 'கார் நிறுத்துமிடத்துக்குத் தாங்கள் அளித்த மனமார்ந்த சம்மதத்துக்கு நன்றி. தங்கள் டீக்கடைக்கு முகப்பில் இடம் ஒதுக்கும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

காளிராஜைப் பிடித்தோம். அவன் எங்களைவிடக் கோபமாக இருந்தான்.

"ஆமா, சம்மதம்னு போட்டேன். நாலு காரு நின்னா நாலு டீ ஓடும். என் கருத்த நான் சொல்லக்கூடாதா? அதுக்காக என் கடைய இது பேருல எழுதிக் குடுப்பாய்ங்களா?"

"ஏலே, நீ போட்டதுல எங்க நூத்தி எம்பத்தஞ்சும் அழிஞ்சு போச்சுடா!"

"நீங்க ஒண்ணுக்குமேல ஒண்ணா நூத்தி எம்பத்து நாலு அழிச்சீக. நான் ஒண்ணேஒண்ணுதான் அழிச்சேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மீனம்மாளை அழைத்துக்கொண்டு தர்மராஜ் அலுவலகத்துக்குப் போனேன். அவர் செய்தியைப் படித்துவிட்டு, "வாழ்த்துகள்" என்றார்.

"சார், இது நான் எழுதுனது இல்ல" என்றாள் மீனம்மாள்.

"எண் உங்களோடதுதானே?"

"எண்ணு என்னுதுதான்."

"அப்ப எழுதினதும் நீங்கதான்."

"நான் புதங்கிழமை மத்தியானம் கொல்லையில களை எடுத்துக்கிட்டு இருந்தேன் சார்."

"நீங்க கொல்லையில இருந்தீங்க. மீனம்மாள் தளத்துல இருந்தாங்க. எனக்கு அவங்ககிட்டதான் தொடர்பு."

அவருடைய மேசைக்குப் பின்னால், ஒப்புதல் அளித்த கோப்புகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் தேதியைப் பார்த்து நான் கேட்டேன். "போன வாரம் பூரா நீங்க சென்னையில பயிற்சியில இருந்ததாச் சொன்னாங்க. ஆனா தினமும் பத்து பதினஞ்சு கோப்புல உங்க ஒப்புதல் விழுந்திருக்கே?"

"போகும்போது என் கணக்கைத் திறந்து வச்சுட்டுப் போவேன். உதவியாளர் பாத்துக்குவாரு. அவர் சாப்பிடப் போனா டிரைவர் பாத்துக்குவாரு."

"நாங்களும் அதத்தானே சார் செஞ்சோம்?"

தர்மராஜ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நாங்க செய்யறது அதிகாரப் பகிர்வு. நீங்க செஞ்சது ஆள்மாறாட்டம்."

"எப்படித்தான் உள்ள வந்தீங்க, காட்டுங்க பாப்போம்" என்று என்னிடம் அந்த லிங்கைக் கேட்டு வாங்கினார். தன் போனில் அமுக்கினார். திரையைப் பார்த்தார். முகம் மாறியது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். 'வணக்கம்' வரைக்கும் நான் படித்துவிட்டேன். அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

"திருத்தம் செய்யலாம்" என்றார் கடைசியில். "கணக்குக்கு உரியவர் நாளை ஐந்து மணிக்குள்ள, இந்த லிங்க் வழியா இல்லாம தன் எண்ணைப் போட்டு, உள்ள போய் மாத்திக்கலாம். விதியில இடம் இருக்கு."

விதியில் இடம் இருந்தது. வலைத்தளத்தில்தான் இல்லை. வெள்ளி காலையில் மதுமதி எத்தனை முறை தட்டினாலும் ஒரே பதில் வந்தது: 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். உள்ளே வருவதற்கு முதலில் வெளியே செல்லவும்.'

"நான் இங்கனதானத்தா நிக்கிறேன்!" என்றாள் மீனம்மாள் திரையைப் பார்த்து.

"உள்ள இருக்கிற யாராச்சும் ஒருத்தர் வெளிய வராம இருந்தாலும் உங்கள விடாது அத்தை" என்றாள் மதுமதி.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ முழக்கங்களை எழுப்பியவன். இப்படி ஒன்றை எழுப்புவேன் என்று நினைக்கவில்லை.

"மீனம்மாளாக இருப்பவர்கள் அனைவரும் உடனடியாக வெளியே வரவும்! மீனம்மாள் உள்ளே போக வேண்டியிருக்கிறது!"

முதலில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் அப்பவே எந்திரிச்சிட்டேன்" என்றார்கள். போனைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மீனம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளியேறுவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மதுமதி வீடு வீடாகப் போய் வெளியேற்றினாள். மலையாண்டியைத் திருப்பூரிலிருந்து வெளியேற்றினோம். யாரோ ஒரு புண்ணியவான் லிங்கை அபிராமத்துக்குத் தட்டிவிட்டிருந்தான். அங்கே ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த பதினேழு மீனம்மாள்கள் அகப்பட்டார்கள். அதில் மாப்பிள்ளையும் ஒருவர்.

மூன்று மணிக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். வலைத்தளம் மட்டும், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்றது.

யார் அந்தக் கடைசி மீனம்மாள் என்று எனக்குத் தெரியும். அவர் மூன்றரை மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கடைசி நாள் என்பதால், நேரடி விசாரணைக்காக 'நம்ம' எழுத்துக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள்.

"சார், உங்க போன்ல நீங்க இன்னும் மீனம்மாவாத்தான் இருக்கீங்க. கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன்.

கூட்டம் சிரித்தது. தர்மராஜ் சிரிக்கவில்லை. "அது அலுவல் நிமித்தமான மீனம்மாள். நினைச்ச நேரம் வெளிய வர முடியாது. உண்மையான மீனம்மாள் கேட்டுக்கிட்டா வரலாம்."

"நான்தான் சார் கேக்குறேன்" என்றாள் மீனம்மாள்.

"நீங்கதான் உண்மையானவங்கன்னு என்ன நிச்சயம்? எங்க பதிவுப்படி இருநூறு மீனம்மாள் இருக்காங்க."

அவள் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் படத்தை வைத்து யாரையும் யாரென்று சொல்ல முடியாது. "தவிர, இந்த எண்ணை வச்சுத்தான் இருநூறு பேரும் உள்ள வந்தாங்க. இது செல்லாது. இவர்தான் மீனம்மாள்னு ஒரு சாட்சி அடையாளம் காட்டணும்."

கூடியிருந்த அத்தனை பேரும் கை தூக்கினோம்.

"நீங்க யாரும் முடியாது. நீங்க எல்லாரும் மீனம்மாளா இருந்தவங்க. தன்னைப் பத்தித் தானே சாட்சி சொல்லக்கூடாது. ஒரு தடவைகூட மீனம்மாளா இருக்காத ஆள் வேணும்."

மணி நாலே கால். மீனம்மாளாக இல்லாத ஓர் ஆளைத் தேடி ஊரைச் சல்லடை போட்டோம். போனே இல்லாத இரண்டு கிழவர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அவர்கள் பெயரிலும் சேர்த்து உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். கடைசியில்தான் முருகலட்சுமி ஞாபகம் வந்தது. மலையாண்டியின் தம்பி மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் முருங்கை மரம் யாருக்கு என்ற வழக்கில், பதினோரு ஆண்டுகளாக மீனம்மாளோடு பேச்சு வார்த்தை இல்லாதவள். யாரோ அனுப்பிய லிங்க், மீனம்மாள் பிடித்த இடம் என்று கேள்விப்பட்டதும், அதை அமுக்காமலே போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாளாம். கொக்கனேந்தலின் ஒரே பரிசுத்தமான குடிமகள். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தோம்.

"இவரைத் தெரியுமா?" என்று கேட்டார் தர்மராஜ்.

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எங்க வீட்டு மொறத்த வாங்கிட்டுப் போயி இன்னைக்கு வரைக்கும் தராதவ."

"பெயர்?"

முருகலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று குலசாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறாளாம்.

"தாயி, சொல்லிரு தாயி" என்று கெஞ்சினேன். "கண்மாய் போயிரும்."

"போகட்டும். முருங்கை என்ன கண்மாய்த் தண்ணியிலயா வளருது?"

மணி நாலே முக்கால். மீனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றாள்.

"மரத்த நீயே வச்சுக்க, முருகு."

"வாய்ப் பேச்சு எனக்கு எதுக்கு? எழுதிக் குடு."

என்னுடைய நோட்டீஸின் பின்பக்கத்தில் மீனம்மாள் எழுதிக் கொடுத்தாள். முருகலட்சுமி அதை வாங்கி இரண்டு தடவை படித்து, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு தர்மராஜைப் பார்த்துச் சொன்னாள்.

"இவதான் மீனம்மா. எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன்."

நாங்கள் ஆர்ப்பரித்தோம். காளிராஜ்கூட எல்லோருக்கும் இலவசமாக டீ ஊற்றினான். "அடையாளம் உறுதியானதைக் கண்ணால பாத்தவங்க எல்லாரும் இதுல கையெழுத்துப் போடுங்க" என்று உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். போட்டோம். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று முப்பத்தேழு நோட்டீஸ் அடித்தவன் நான். தாளின் மேல் பாதியில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

தர்மராஜ் எழுந்து நின்றார். நிதானமாக, ஏட்டுத் தமிழில் பேசினார்.

"இந்தச் சம்மதத்தை அளித்தவர் உண்மையான நபர்தானா என்பதில் இன்று மாலை வரை முகமைக்கு ஐயம் இருந்தது. ஐயம் நீடித்திருந்தால் சம்மதத்தை நாங்களே ரத்து செய்திருப்போம். மீனம்மாள் என்பவர் உயிரோடு உள்ள, உண்மையான, ஒரே நபர் என்பது நெருங்கிய உறவினராலும் இங்கே கையெழுத்திட்ட அத்தனை சாட்சிகளாலும் இப்போது நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவருடைய சம்மதம் முழுமையாகச் செல்லும்."

மீனம்மாள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அத மாத்தத்தானே சார் நான் யாருன்னு நிரூபிச்சேன்!"

"தாராளமா மாத்தலாம்மா. இதோ, நான் வெளிய வந்துட்டேன்." போனை நிமிர்த்தி ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார். மதுமதி மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து மேலும் கீழும் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். திரை ஐந்து மணி இரண்டு நிமிடம் என்றது. அதற்குக் கீழே, காலக்கெடு முடிந்தது என்றது.

"ஆட்சேபிக்கிறோம்!" என்று நான் கத்தினேன். எனக்குப் பின்னால் ஊரே கத்தியது. அந்தச் சத்தத்துக்கு 'நம்ம' எழுத்தின் மேலிருந்த காக்கைகள் பறந்தன.

தர்மராஜ் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"எந்தப் பேர்ல?" என்று கேட்டார்.

தவசி என்ற பெயரில் ஓர் ஆட்சேபணையும் வந்திருக்கவில்லை. தாஜுன்னிசா என்ற பெயரில் வரவில்லை. என் பெயர், நாற்பது ஆண்டுகளாக எல்லா மனுவிலும் முதலில் வந்த என் பெயர், அந்தத் தளத்துக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. நாங்கள் அத்தனை பேரும் ஒரே பெயரில் பேசியிருந்தோம். அந்தப் பெயர் சம்மதித்துவிட்டது.

உதவியாளர் நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, தொண்டையைச் செருமினார். சாட்சிகள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பது விதி என்பதால் மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

"சம்மதம் அளித்தவர்: கொக்கனேந்தல், மலையாண்டி மனைவி, மீனம்மாள்."